மாடியில் இருக்கும் பழைய சிமெண்ட் ஷீட்டைப் பிரிக்கணும்: இணையத்தில் யார் சொல்வதை நம்புவது?

காவேரிக்கரை (கும்பகோணம்):

எல்லோருக்கும் வணக்கம். மாமனார் வீட்டு மொட்டைமாடியில் 1980களில் போட்ட சிமெண்ட் ஷீட் கொட்டகை ஒன்று இருக்கிறது. சில ஷீட்டுகளில் விரிசல் விட்டிருக்கிறது, ஓரமெல்லாம் பாசி. பிரித்துவிட்டு கலர் ஷீட் போடலாம் என்று முடிவு செய்து ஆளும் பேசியாகிவிட்டது. அவர் சொன்னது: "சம்மட்டியால ரெண்டு தட்டு தட்டினா அரை நாள்ல இறக்கிடலாம்மா. உடைசலைத் தெருக்கோடி பள்ளத்துல கொட்டிடுறேன்." எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான்.

இரண்டு இரவாக இணையத்தில் தேடினேன், குழப்பம்தான் கூடியது. ஒரு தளம் பழைய ஷீட்டில் கலந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸின் ஒரே ஒரு இழையை மூச்சில் இழுத்தாலும் புற்றுநோய் என்கிறது, பக்கத்துக்குப் பக்கம் வக்கீல் போன் நம்பர். இன்னொரு தளம் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் பாதுகாப்பானது, உடம்பு அதை வெளியேற்றிவிடும் என்கிறது. யூடியூபில் ஒருவர் பனியன் மட்டும் போட்டுக்கொண்டு கட்டிங் மெஷினால் ஷீட்டை அறுக்கிறார், சுற்றிலும் வெள்ளைப் புகை. தமிழில் தேடினால் ஷீட் விலைதான் வருகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி):

பயப்படாதீங்க சகோ. எங்க ஊர்ல பாதி வீடு ஷீட் வீடுதான். தாத்தா கடைசி வரைக்கும் ஷீட்டுக்குக் கீழதான் படுத்தார், ஒரு இருமல் கிடையாது. இதெல்லாம் கலர் ஷீட் விக்கிறவங்க கிளப்பிவிடுற பயம்.

நிழல்மரம் (ஓசூர்):

தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்த்தவன். காவேரிக்கரை அம்மா, முதல் வேலையாக அந்த ஆளைக் கூப்பிட்டு வேலையைத் தள்ளி வையுங்கள். சம்மட்டி கூடவே கூடாது.

நம் ஊர் பழைய சிமெண்ட் ஷீட்டில் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், நார் நாராகப் பிரியும் கனிமம்) இருக்கும், மிச்சமெல்லாம் சிமெண்ட். நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும்வரை காற்றில் கலப்பது மிகக் குறைவு. கரிசல்காட்டானின் தாத்தா நலமாக இருந்தார் என்றால் அதில் வியப்பில்லை, அவர் ஷீட்டுக்குக் கீழே படுத்திருந்தார், அறுக்கவில்லை. அறுப்பது, துளை போடுவது, உடைப்பது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது: இவைதான் ஆபத்து. அப்போது கிளம்பும் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், நுரையீரலின் அடிவரை போகும். உடம்பால் அவற்றை முழுதாக வெளியேற்ற முடியாது. நுரையீரல் தழும்பேறி மூச்சு வாங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் பத்து ஆண்டு முதல் நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். நேற்று அறுத்தவர் இன்று நன்றாக இருக்கிறார் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஐ.ஏ.ஆர்.சி., வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. ஒரு தளத்தைத் திறந்ததும் அதற்குப் பணம் போடுவது யார் என்று பாருங்கள். நீங்கள் பார்த்த வக்கீல் தளங்கள் அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்குக்கு ஆள் சேர்ப்பவை. நோயைப் பற்றி அவை சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கொதிகலன் குழாயில் பஞ்சு போலச் சுற்றிய கல்நாரையும் சிமெண்டில் இறுகிய ஷீட்டையும் பிரித்துச் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. உங்களுக்கு அதுதான் உயிரான தகவல். மறுபக்கம் "வெள்ளை பாதுகாப்பானது" என்ற தளத்தில் "எங்களைப் பற்றி" பகுதியைத் திறந்தால் உற்பத்தியாளர் சங்கமோ ஏற்றுமதியாளர் சங்கமோ இருக்கும். கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தார் கியூபெக் சுரங்கத் தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்தார்கள். வெள்ளைக் கல்நாருக்கு ஆதரவாக உலகமெங்கும் எடுத்துக்காட்டப்பட்ட ஆய்வு அது. அதற்குச் சுரங்க முதலாளிகள் சங்கமும் பணம் கொடுத்திருந்தது. அதே கனடா 2018 டிசம்பரில் கல்நாரைத் தடை செய்துவிட்டது.

விற்கவோ வழக்குப் போடவோ எதுவும் இல்லாதவர்களிடமிருந்து படியுங்கள். உலக சுகாதார நிறுவனம், ஐ.ஏ.ஆர்.சி., பிரிட்டன் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ., ஆஸ்திரேலிய அரசின் கல்நார் ஒழிப்பு முகமை. பக்கத்தில் தேதி இருக்கிறதா, எந்த நாட்டுச் சட்டம், எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

கரிசல்காட்டான்:

ஐயா, நானும் சும்மா சொல்லல. 2000ல ஹாட்ஜ்சன், டார்ன்டன்னு ரெண்டு பேர் எழுதின ஆய்வுக்கட்டுரை இருக்கு. மீசோதீலியோமா ஆபத்து வெள்ளைக்கு 1னா பழுப்புக்கு 100, நீலத்துக்கு 500னு போட்டிருக்காங்க. நம்ம ஷீட்ல இருக்கிறது வெள்ளைதானே?

நிழல்மரம்:

மூலக் கட்டுரையையே கொண்டுவந்தீர்கள், மகிழ்ச்சி. அந்த எண்கள் சரி. அதே கட்டுரையில் நுரையீரல் புற்றுநோய்க்கான எண்களையும் பாருங்கள், அங்கே இடைவெளி மிகவும் சுருங்கி, வெள்ளைக்கு 1 என்றால் மற்ற இரண்டுக்கும் 10 முதல் 50 வரை என்று வரும். மேலும் 1 என்றால் பூஜ்யம் இல்லை. நீலத்தைவிட வெள்ளை வீரியம் குறைந்தது என்பது உண்மை, வெள்ளை தீங்கில்லாதது என்பது அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை. விற்பவர்கள் முதல் வாக்கியத்தைச் சொல்லி இரண்டாவதை நம்மை நினைக்க வைக்கிறார்கள். தவிர, பழைய ஷீட்டைக் கண்ணால் பார்த்து இதில் வெள்ளை மட்டும்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவில் 1986இலேயே புதிய சுரங்கக் குத்தகை கொடுப்பதை நிறுத்தினார்கள், இறக்குமதி மட்டும் ரஷ்யா, கஜகஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து இன்னும் தொடர்கிறது. கடையில் சட்டப்படி கிடைக்கிறது என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வடமராட்சி (பருத்தித்துறை):

எங்கட பக்கம் நடந்ததையும் சொல்லுறன். இலங்கையில நீலக் கல்நாரை 1987இலேயே தடை செய்தாச்சு. வெள்ளையையும் 2018 சனவரியில இருந்து இறக்குமதி செய்யவிடமாட்டம் எண்டு 2015இல அரசாங்கம் அறிவிச்சது. 2017 டிசம்பரில, தேயிலைப் பொதியில வண்டு இருந்தது எண்டு சொல்லி ரஷ்யா எங்கட தேயிலையை நிப்பாட்டிச்சு. கொஞ்ச நாளிலேயே இஞ்ச கல்நார்த் தடையைப் பின்போட்டினம், அங்க தேயிலைக்கு வழி திறந்துது. அந்த நேரம் பேப்பர் பார்த்த சனத்துக்கு ரெண்டும் ஒரே கதை எண்டு விளங்கினது. சட்டம் ஏன் வரேல்லை எண்டதுக்கு மருத்துவக் காரணம் தேடினா கிடைக்காது.

சண்டைக்குப் பிறகு திருப்பிக் கட்டின வீடுகளில கனக்க அஸ்பெஸ்ரஸ் சீற்தான். 2004 சுனாமி இடிபாட்டுக்குள்ள உடைஞ்ச சீற்றை வெறுங்கையால பொறுக்கின ஆக்கள் நாங்கள். ஒருத்தரும் அப்ப சொல்லித்தரேல்லை.

உப்பளக்காற்று (வேதாரண்யம்):

2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரிலும் இதே நிலைதான். பறந்துபோய் விழுந்து நொறுங்கிய ஷீட்டுகளைக் குப்பையோடு கூட்டி அள்ளினோம், சிலர் எரிக்கவும் செய்தார்கள். தீயில் அது பட்டாசு போல வெடித்துச் சிதறும். விறகடுப்பைத் தாழ்ந்த ஷீட் கூரைக்கு அடியில் வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். புயல் ஊர்க்காரர்கள் உடைசலைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனைத்தாலே பாதி தூசி அடங்கும்.

ஈஸ்ட்ஹாம்வாசி (லண்டன்):

இங்கே 1999இல் முழுத் தடை வந்தது. ஆனாலும் கல்நார் நோய்களால் ஆண்டுக்குச் சுமார் 5,000 பேர் இறப்பதாக எச்.எஸ்.இ. கணக்குச் சொல்கிறது. பெரும்பாலோர் பழைய காலத்துக் கட்டட வேலைக்காரர்கள், தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன்.

நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் கார் ஷெட்டின் கூரை கல்நார் சிமெண்ட், வீட்டுக்குள் கூரையின் உள்பூச்சிலும் இருக்கலாம் என்று சந்தேகம். உள்பூச்சை ஆய்வகத்துக்கு அனுப்பினோம், இருந்தது. சுரண்டாமல் மேலே புதுப் பலகை அடித்து மூடிவிட்டோம். பழைய வீடு வாங்கும் நம் ஆட்கள் சுவரைத் துளைக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கார் ஷெட் கூரைக்கு எச்.எஸ்.இ. தளத்தில் "ஆஸ்பெஸ்டாஸ் எசென்ஷியல்ஸ்" என்ற வேலைக் குறிப்புகளை இலவசமாக எடுத்துப் படித்தேன். சிமெண்ட் ஷீட்டை இறக்கப் பொதுவாக இங்கேயும் உரிமம் பெற்ற நிறுவனம் கட்டாயமில்லை, ஆனால் முறை உண்டு. அந்தக் குறிப்புகளைத் தமிழில் யாராவது எழுதினால் நல்லது.

கொத்தனார்மகள் (விருத்தாசலம்):

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அக்கா, உங்கள் பையனைப் பற்றிய கவலை நியாயம். அந்தச் சம்மட்டிக்காரரைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

என் அப்பா வாலிபத்திலிருந்து ஷீட் போடும் வேலை. மெஷினில் அறுப்பார், ஷீட்டைக் கூரைக் கம்பியோடு பிடிக்கும் ஜே போல்ட்டுக்குத் துளை போடுவார். சாயங்காலம் தலைமுடி, புருவம், லுங்கி எல்லாம் வெள்ளையாக வருவார். அம்மா வாசலில் நின்று லுங்கியை உதறித்தான் துவைக்கப் போடுவாள். இப்போது அப்பாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், சளியில் கிருமி எதுவும் இல்லாமலேயே. என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு வேறொரு டாக்டர்தான் கேட்டார், ஸ்கேன் எடுத்தார், நுரையீரலில் தழும்பு என்று சொன்னார்.

தயவுசெய்து, கட்டட வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் அவர்கள் கேட்காவிட்டாலும் "ஷீட் அறுத்த வேலை" என்று சொல்லி, சீட்டில் எழுதவும் வையுங்கள்.

நிழல்மரம்:

தங்கை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அம்மா லுங்கியை உதறியதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அம்மாவையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இத்தாலியில் கசாலே மொன்பெராட்டோ என்ற ஊரில் கல்நார் சிமெண்ட் ஆலை 1986இல் மூடப்பட்டது. வேலைக்கே போகாமல் கணவரின் உடையைத் துவைத்த பெண்களும், அந்த ஊரில் குடியிருந்தவர்களும் மீசோதீலியோமாவால் இறந்தார்கள். 1960இல் வாக்னர் என்ற மருத்துவரின் குழுவினர் தென்னாப்பிரிக்காவில் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள், அதில் சிறுவயதில் கல்நார்ச் சுரங்கத்துக்கு அருகே விளையாடியவர்களும் இருந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு வரும் என்று சொல்லவில்லை, பெரும்பாலானவர்களுக்கு வராது. மருத்துவரின் குறிப்பில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இடம்பெற்றது. 1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. ஆலைக்குள் வேலை பார்த்தவருக்காவது பதிவேடு இருக்கும். கூரைமேல் தினக்கூலிக்கு அறுத்தவருக்கு முதலாளி யார், பதிவேடு எங்கே? எனக்கு ஆத்திரமாக வருவது இந்த இடத்தில்தான்.

கரிசல்காட்டான்:

தங்கச்சி, அப்பா சீக்கிரம் தேறணும். எங்க சித்தப்பா டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். பிரேக் ட்ரம்மைக் கழட்டி ஏர் அடிச்சு தூசிய ஊதுவார். அதுலயும் இருக்குமா?

நிழல்மரம்:

பிரேக் லைனரில் கல்நார் பல காலம் போட்டார்கள், எல்லா லைனரிலும் இல்லை, பார்த்துச் சொல்ல முடியாது. ஏர் அடிக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணியைக் கவரில் கட்டிப் போட வேண்டும், உதறக்கூடாது.

காவேரிக்கரை:

கொத்தனார்மகள், உங்கள் பதிவைப் படித்தபின் என் கேள்வியே மாறிவிட்டது. யாரும் தூசியை மூச்சில் வாங்காமல் இறக்குவது எப்படி? எங்கள் ஷீட்டில் கல்நார் உண்டா என்று உறுதி செய்ய வழி உண்டா? இந்த ஷீட்டிலிருந்து விழும் மழைத்தண்ணீரை இவ்வளவு காலம் தொட்டியில் பிடித்திருக்கிறோமே?

நிழல்மரம்:

தண்ணீரை முதலில் முடித்துவிடுகிறேன். கல்நார் உண்டாக்கும் கேடு மூச்சின் வழியேதான் உறுதியாக நிரூபணமாகியிருக்கிறது. குடிநீர் வழியே கேடு வருகிறது என்பதற்குச் சீரான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, குடிநீருக்கு வரம்பும் வைக்கவில்லை. குடித்ததை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். மழைநீர்க் குழாயில் தேங்கும் சேற்றை மட்டும் காயவிடாமல் ஈரத்தோடு அள்ளிப் பையில் கட்டுங்கள்.

ஷீட்டில் அச்சடித்த ஐ.எஸ். எண் (இந்தியத் தர எண்) தெரிகிறதா பாருங்கள். ஐ.எஸ். 459 என்றால் கல்நார் சிமெண்ட் ஷீட். ஐ.எஸ். 14871 என்றால் கல்நார் இல்லாத நார் சிமெண்ட். எண் அழிந்திருந்தால், 1980களில் போட்டது என்பதால் கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோதித்தே ஆக வேண்டுமானால் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் தளத்தில் எந்த ஆய்வகம் எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்றது என்று தேடலாம்.

இறக்கும் விஷயத்தில், கல்நாருக்கு முந்திய ஆபத்து ஒன்று உண்டு. பழைய ஷீட்டின்மேல் கால் வைத்தால் பொத்துக்கொண்டு ஆளே கீழே போய்விடுவார். நனைந்தால் வழுக்கும் வேறு. யாரும் மேலே ஏறக்கூடாது. கீழே சாரம் கட்டி அடியிலிருந்துதான் வேலை.

அடியில் பிளாஸ்டிக் தார்ப்பாய் விரியுங்கள். தெளிப்பான் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, ஷீட்டின் இரு பக்கமும் நனையுங்கள். பீய்ச்சி அடிக்கும் பம்ப் வேண்டாம். ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஊறவைத்து ஸ்பானரால் கழற்ற வேண்டும், முடியாவிட்டால் போல்ட்டைக் கையால் இயக்கும் போல்ட் கட்டரால் வெட்டுங்கள், ஷீட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். முழு ஷீட்டாகவே கைக்குக் கை மாற்றி இறக்கி, கனமான பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டி, "கல்நார், உடைக்காதே" என்று எழுதுங்கள். கட்டிய துண்டு, சர்ஜிகல் மாஸ்க் எதுவும் தடுக்காது. எப்.எப்.பி.3 முகமூடி அல்லது பி100 வடிகட்டி மாட்டும் அரை முகமூடி வாங்கிக் கொடுங்கள், செலவு உங்களுடையதாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் அங்கேயே ஈரத்துணியால் துடைத்து, குளித்து, மாற்றுடையில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பையனை அன்று முழுக்கப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கழிவுதான் சிக்கல். கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவுக் கிடங்குகள் ஆலைகளை நினைத்து அமைத்தவை. மாநகராட்சிக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை சுற்றிக் கட்டிய ஷீட்டுகளை யாரும் மிதிக்காத ஓரத்தில் வையுங்கள். தெருப்பள்ளத்தில் கொட்டினால் வண்டி ஏறி ஏறி அதையே மாவாக அரைத்து ஊர்முழுக்க அனுப்பும்.

அனல்வெயில் (வேலூர்):

குறுக்கே ஒரு கேள்வி. எங்களால் இப்போதைக்கு ஷீட்டை மாற்ற வசதியில்லை. கோடைக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிக்கலாமா?

நிழல்மரம்:

அடிக்கலாம், நல்லதும்கூட. மேல்பரப்பை மூடிவிடும். பெயிண்டர் அடிக்கும் முன் உப்புத்தாள், கம்பி பிரஷ் எடுத்துப் பாசியைத் தேய்ப்பார், அதை மட்டும் செய்ய விடாதீர்கள். ஈரமாக்கி மென்மையான துணியால் துடைத்துவிட்டு, நீளக் கம்பு ரோலரால் ஏணியில் நின்றபடி அடிக்கச் சொல்லுங்கள்.

காவேரிக்கரை:

நேற்று அந்த அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினோம். முதலில் சிரித்தார். கொத்தனார்மகள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், பேச்சு நின்றுவிட்டது. தன் கூட்டாளி ஒருவருக்கும் இதே மூச்சிரைப்பு என்றார். கூடுதல் நாள் கூலி, முகமூடி, சாரம் எல்லாம் நாங்கள் தருகிறோம் என்றதும் ஒப்புக்கொண்டார். மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம். அவர் கேட்டது ஒன்று: "எனக்குப் படிக்க வராதும்மா. இதை யாராச்சும் பேசி வாட்ஸ்அப்ல அனுப்புவாங்களா? எங்க ஆளுங்க எல்லாருக்கும் போட்டுவிடுறேன்."

கொத்தனார்மகள்:

நான் பேசி அனுப்புகிறேன் அக்கா. அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறேன், ஷீட் வேலைக்காரர்கள் ஷீட் வேலைக்காரர் சொன்னால் கேட்பார்கள். நிழல்மரம் அண்ணா, அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுத் தப்பிருந்தால் சொல்லுங்கள்.

நிழல்மரம்:

கட்டாயம் கேட்கிறேன். முகமூடியைச் சொல்லும்போது, தாடி இருந்தால் அது முகத்தில் சரியாக ஒட்டாது, இடுக்கு வழியே தூசி போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முந்தின இரவே சவரம் செய்துவிடச் சொல்ல வேண்டும்.